கேள்வி ஞானம்

கடல் கடந்த ராகங்கள் – பகுதி 9

1928ஆம் ஆண்டு மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் வசந்த உற்சவத்தில் முசிறி சுப்பிரமணிய ஐயர் பாடுவதாக இருந்தது. அவரால் வர முடியவில்லை. கூட்டம் காத்திருந்தது. அவர் இடத்தில் 18 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவரை மேடையேற்றி உட்கார வைத்தார்கள். ஜி.என்.பாலசுப்பிரமணியம் என்ற ஜி.என்.பி.யின் முதல் கச்சேரி அது.

அவர் எந்த வித்வான் வீட்டிலும் தங்கி வருடக்கணக்கில் குருகுலவாசம் செய்தவர் இல்லை. திருவல்லிக்கேணியில் அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வந்துபோன வித்வான்களைக் கேட்டார். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைக் கேட்டு, கேட்டு, அவரையே மானசீக குருவாக வரித்துக்கொண்டார். காதில் விழுந்ததெல்லாம் தொண்டையில் தங்கியது. இதற்கு நம் ஊரில் கேள்வி ஞானம் என்று பெயர். வள்ளுவர் கல்வியைச் சொல்லி, கல்லாமையைச் சொல்லி, அடுத்த அதிகாரத்தையே கேள்விக்குக் கொடுத்தார். படிப்புக்கு வழியில்லாதவனுக்கும் காது இருக்கிறதே என்ற பரிவு அந்த வரிசையில் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

லண்டனைப் பற்றிய இந்தப் பகுதியை மயிலாப்பூரில் தொடங்கக் காரணம் இருக்கிறது. 1964இல் வெளியான ஓர் ஆங்கிலேய ராக் குழுவின் முதல் இசைத்தட்டைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அதைப் புரிந்துகொள்ள ராக் வரலாற்றுப் புத்தகங்களைவிட இந்தக் கேள்வி ஞானம் என்ற சொல்தான் எனக்கு அதிகம் உதவியது.

சென்ற பகுதியில் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸைச் சிகாகோவில் விட்டுவிட்டு வந்தோம். மிசிசிப்பியில் ஸ்டோவல் பருத்திப் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். 1941இல் நாட்டுப்பாடல்களைச் சேகரித்துவந்த ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து அவரைப் பாடச்சொல்லிப் பதிவுசெய்தார். 1943இல் சிகாகோவுக்கு ரயிலேறினார். நகரத்து மதுக்கூட இரைச்சலில் சாதா கிட்டார் எடுபடவில்லை. மின்சார கிட்டாருக்கு மாறினார். கிராமத்து ப்ளூஸ் இப்படித்தான் நகரத்து ப்ளூஸ் ஆனது. கறுப்பர்களுக்கென்று விற்ற தட்டுகளை அமெரிக்க வணிகர்கள் அதுவரை ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’, அதாவது இனத்தட்டுகள் என்று தனியே பிரித்து வைத்திருந்தார்கள். பில்போர்டு பத்திரிகையில் வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர் 1949இல் அந்தச் சொல்லை மாற்றி ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று போட்டார். பெயர் மாறியது. கடையில் அந்தத் தட்டுகளுக்கான அலமாரி மாறவில்லை. வெள்ளைக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த அலமாரி எட்டாமலே இருந்தது.

அது எட்டியது கடலுக்கு அந்தப் பக்கம்.

1961 அக்டோபர் 17 காலை. லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட் மாவட்டத்தில் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையம். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்குப் போக நின்றுகொண்டிருந்தார் மிக் ஜாகர். சிட்கப் ஓவியக் கல்லூரிக்குப் போக வந்தார் கீத் ரிச்சர்ட்ஸ். சிறு வயதில் ஒரே தொடக்கப் பள்ளியில் படித்தவர்கள். பிறகு தொடர்பு விட்டுப்போயிற்று. மிக்கின் கையில் இரண்டு இசைத்தட்டுகள் இருந்தன. ஒன்று சக் பெர்ரி, மற்றொன்று மடி வாட்டர்ஸ். இங்கிலாந்துக் கடைகளில் சுலபமாகக் கிடைக்காத தட்டுகள். மிக் சிகாகோவின் செஸ் நிறுவனத்துக்கே கடிதம் எழுதி, பணம் அனுப்பி, தபாலில் வரவழைத்துக்கொண்டிருந்தார். கீத்தின் கண் அந்த உறைகளில் நின்றது. ரயிலில் ஏறியவர்கள் பேசிக்கொண்டே போனார்கள்.

எங்கோ இருக்கும் ஆசானின் குரல் தபாலில் வருகிறது. ஊசியைத் தூக்கித் தூக்கி அதே வரியில் மறுபடி வைக்கிறார்கள். ஆசானுக்கு இவர்கள் இருப்பதே தெரியாது. ஏகலைவனுக்காவது தானே பிடித்த மண் சிலை முன்னால் நின்றது. இவர்களுக்கு 12 அங்குலக் கறுப்பு வட்டு மட்டும்தான்.

லண்டனில் இந்த வேட்கைக்கு ஓர் இடம் கிடைத்தது. அலெக்சிஸ் கார்னர், சிரில் டேவிஸ் என்ற இருவர் 1962 மார்ச் 17 அன்று ஈலிங் பகுதியில் ஒரு நிலவறையில் ப்ளூஸ் மன்றம் ஒன்றைத் தொடங்கினார்கள். இவர்களுடைய ‘ப்ளூஸ் இன்கார்ப்பரேட்டட்’ குழு அதே ஆண்டு டெக்கா நிறுவனத்துக்காக ஓர் இசைத்தட்டு பதிவுசெய்தது. மார்க்கீ மன்றத்தில் பதிவானது என்று நினைக்கவைக்கும் தலைப்பு அதற்கு. உண்மையில் அது டெக்காவின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. பிரிட்டிஷ் ரிதம் அண்ட் ப்ளூஸின் முதல் முழுநீளத் தட்டு என்று அதைத்தான் சொல்ல வேண்டும். நாம் பேசவந்த தட்டுக்கு அது அண்ணன் முறை.

ஈலிங் நிலவறைக்கு வந்துபோனவர்களில் செல்டனம் ஊரிலிருந்து வந்த பிரையன் ஜோன்ஸ் ஒருவர். கிட்டார் கம்பியில் உலோகக் குழாயை வழுக்கவிட்டு வாசிக்க அந்த வட்டாரத்தில் அப்போது மிகச் சிலருக்கே தெரியும், அவருக்குத் தெரியும். மிக், கீத், பிரையன், பியானோவுக்கு இயன் ஸ்டூவர்ட் என்று குழு சேர்ந்தது. மடி வாட்டர்ஸின் 1950ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். 1962 ஜூலை 12 அன்று மார்க்கீ மன்றத்தில் முதல் மேடை. பிறகு பாஸ் கிட்டாருக்கு பில் வைமன், டிரம்ஸுக்கு சார்லி வாட்ஸ். சார்லி அதற்கு முன் அலெக்சிஸ் கார்னர் குழுவில் வாசித்தவர். அங்கே தன் இடத்தை ஜிஞ்சர் பேக்கருக்கு விட்டுவிட்டு வந்தார். இந்த ஜிஞ்சர் பேக்கரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அவர் வழியாகத்தான் அடையாறு வருவோம்.

ரோலிங் ஸ்டோன்ஸ் என்றதும் இன்று எல்லோருக்கும் அரங்கக் கூட்டமும் நாக்கு நீட்டிய சின்னமும் நினைவுக்கு வரும். 1962ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவர்கள் செல்சியா பகுதியில் ஈடித் குரோவ் என்ற தெருவில் அழுக்கான வாடகை அறைகளில் கிடந்தார்கள். சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், கடுங்குளிர். கீத்தும் பிரையனும் ஜிம்மி ரீடின் தட்டுகளைப் போட்டுப் போட்டு, இரண்டு கிட்டார்கள் ஒன்றுக்குள் ஒன்று எப்படிப் புகுந்து வெளிவருகின்றன என்று பிரித்துப் பார்த்தார்கள். எது முன்னணி, எது பின்னணி என்று சொல்ல முடியாதபடி இரண்டும் பின்னிக்கொள்ளும் வாசிப்பு. இரட்டை நாகசுரக்காரர்கள் ஒருவர் மூச்சு விடும் இடத்தில் மற்றவர் பிடித்துக்கொள்வது நமக்குப் பழக்கம்தானே. அந்த ஒட்டுதல் நோட்டில் எழுதி வராது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் வரும். இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தது ஆசானோடு அல்ல, அவர் தட்டோடு.

பிறகு ஆசானே நேரில் வந்தார். 1963 இலையுதிர்காலத்தில் எவர்லி சகோதரர்களோடு போ டிட்லி இங்கிலாந்தைச் சுற்றிவந்தபோது ஸ்டோன்ஸும் அந்தப் பயணத்தில் இடம்பெற்றார்கள். அதுவரை தங்கள் மேடையில் போ டிட்லியின் பாடல்களைத் தவறாமல் பாடிவந்தவர்கள். அந்தப் பயணம் முழுவதும் அவற்றில் ஒன்றையும் தொடவில்லை. பெரியவர் இருக்கும் மேடையில் அவர் உருப்படியை எடுக்கக்கூடாது என்ற அந்த அடக்கத்தை மயிலாப்பூர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம்.

போ டிட்லியின் தாளத்தை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக விளக்கியிருக்கிறார்கள். நம் சொற்கட்டில் ஒரே வரி: தகிட தகிட தகதிமி தக தகதிமி. எண்ணினால் 3, 3, 4, 2, 4, மொத்தம் 16. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் கை தட்டிக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். ஆதி தாளத்தில் நாலு நடையில் அரை ஆவர்த்தனம். இதே கணக்கு கியூபா இசையில் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களில் வந்த கணக்கு. போ டிட்லி அதை மின்சார கிட்டாரில் ஏற்றினார். பக்கத்தில் ஜெரோம் கிரீன் மராக்கஸ் குலுக்குவார். மிக் ஜாகர் கையில் மராக்கஸ் வந்தது அவரைப் பார்த்துத்தான்.

இனி தட்டுக்கு வருவோம்.

லண்டன் டென்மார்க் தெருவில் ரீஜன்ட் சவுண்ட் என்ற சின்னஞ்சிறு ஒலிப்பதிவுக் கூடம். எதிரொலியைக் குடிக்கச் சுவரிலும் கூரையிலும் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். 1964 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் சில நாட்கள் மட்டும் பதிவு. கருவிகளைப் பிரித்துத் தனித்தனியாகப் பதிந்து ஒட்டும் வசதி இல்லை. டிரம்ஸின் ஒலி கிட்டாருக்கு வைத்த மைக்கில் வழிந்தது. கிட்டாரின் ஒலி பாட்டு மைக்கில் வழிந்தது. எல்லோரும் ஒன்றாக வாசித்து, சரியாக வந்தால் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மறுபடி. அதே மாதங்களில் கோடம்பாக்கத்துக் கூடங்களிலும் இதே நடைமுறைதான். விஸ்வநாதன்–ராமமூர்த்தி குழுவில் பின்வரிசையில் ஒருவர் தவறினால் பாடகர் உட்பட அத்தனை பேரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1964 பிப்ரவரியில் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’யில் ஒரு இளைஞர் கூட்டம் ராக் தாளத்தில் பாடி வேலை கேட்கும். அந்தப் பாட்டில் உள்ள கூட்டுச்சூடு, ஒரே அறையில் பலர் சேர்ந்து மூச்சுவிடும் சூடு. ரீஜன்ட் சவுண்டில் பதிவான தட்டிலும் அதுவேதான் இருக்கிறது. நுட்பம் பெருகிய பிறகு அந்தச் சூடு இரண்டு ஊரிலும் குறைந்தது என்பது என் எண்ணம்.

1964 ஏப்ரலில் தட்டு வெளிவந்தது. உறையில் மங்கிய வெளிச்சத்தில் ஐந்து முகங்கள், மூலையில் டெக்கா முத்திரை. குழுவின் பெயர் இல்லை, தட்டின் பெயர் இல்லை. 21 வயதுகூட நிரம்பாத மேலாளர் ஆண்ட்ரூ லூக் ஓல்டம் அப்படித்தான் வேண்டுமென்று டெக்காவிடம் பிடிவாதம் பிடித்து வென்றார். பெரிய நிறுவனம் அஞ்சியபடி எதுவும் ஆகவில்லை. பீட்டில்ஸின் இரண்டாவது தட்டை முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டு, 12 வாரம் இங்கிலாந்து வரிசையின் உச்சியில் நின்றது. அதே ஓல்டம்தான் முந்தைய ஆண்டு, குழுவில் ஆறு பேர் அதிகம், தோற்றம் பொருந்தவில்லை என்று சொல்லி இயன் ஸ்டூவர்ட்டை விலக்கியவர். இந்தத் தட்டில் பியானோ வாசித்த ஸ்டூவர்ட்டின் முகம் உறையில் இல்லை. அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை; குழுவின் வண்டியை ஓட்டிக்கொண்டு, வேண்டும்போது பியானோவும் வாசித்துக்கொண்டு, 1985இல் இறக்கும்வரை உடனிருந்தார். அந்த மனிதரை நினைக்காமல் எனக்கு இந்தத் தட்டைக் கேட்க முடிவதில்லை.

மொத்தம் 12 உருப்படிகள். தொடக்கமே அமெரிக்க நெடுஞ்சாலை ஒன்றைப் பற்றிய பாட்டு: சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை ஊர் ஊராகப் பெயர் சொல்லிக்கொண்டு போகும் ‘ரூட் 66’. பாபி டிரூப் 1946இல் எழுதியது. இவர்கள் சக் பெர்ரி பாடியதைக் கேட்டுப் படித்தார்கள். இதைப் பதிவுசெய்த நாளில் ஐவரில் ஒருவரும் அந்தச் சாலையைப் பார்த்ததில்லை. குழு அமெரிக்க மண்ணில் இறங்கியதே ஜூன் மாதம்தான். இருந்தும் மிக் அந்த ஊர்ப் பெயர்களைத் தினம் பஸ்ஸில் போய்வந்தவர் மாதிரி உச்சரிக்கிறார். மயிலையை மிதிக்காமலே திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்தைப் பாடி, இந்த ஊரின் ஓணவிழாவும் கார்த்திகை விளக்கும் தைப்பூசமும் மாசிக் கடலாட்டும் நாவில் பழகிப்போனவர்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. பாட்டு வழியாக ஓர் ஊரில் குடியேற முடியும்.

அடுத்தடுத்து வில்லி டிக்சன், ஜிம்மி ரீட், போ டிட்லி, லூசியானாக்காரர் ஸ்லிம் ஹார்ப்போ, சக் பெர்ரி, மெம்ஃபிஸ் ரூஃபஸ் தாமஸ், டெட்ராய்ட் மோட்டவுனின் பாடலாசிரியர் மூவர் என்று வரிசை போகிறது. கென்ட் மாவட்டத்து நடுத்தர வர்க்கப் பையன் மிசிசிப்பி உச்சரிப்பில் பாடுவது சில இடங்களில் ஒட்டாமல் நிற்கிறது. ஜிம்மி ரீடின் பாட்டில் மூலத்தில் உள்ள சோம்பலான நிதானம் இவர்களுக்குப் பிடிபடவில்லை. வயது அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஸ்லிம் ஹார்ப்போவின் பாட்டில் பிரையனின் வழுக்குக் கிட்டார் தேனீபோல் வந்து குத்திவிட்டுப் போவது அருமை. போ டிட்லியின் ‘மோனா’வில் கிட்டாரின் ஒலி அலையலையாக நடுங்க, 16 எழுத்துக் கணக்கு ஒரு இடத்திலும் தளராமல் ஓடுகிறது. சக் பெர்ரியின் ‘கேரல்’ மூலத்தைவிட வேகம். வேகத்தில் கொஞ்சம் நயம் போனது, ஆனால் அந்த அவசரம்தான் இவர்களுடைய சொந்தச் சரக்கு.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு ஒரு குறிப்பு. ப்ளூஸ் கிட்டார்காரர் ஓயாமல் புழங்கும் ஐந்து சுரங்களைப் பிடித்துப் பார்த்தால் நம் சுத்த தன்யாசியின் சுரங்கள்: ச, க, ம, ப, நி. ராகம் அதுவல்ல, சுரக்கூட்டம் அது. மேலும், ப்ளூஸ் பாடகர் காந்தாரத்தைச் சாதாரண காந்தாரத்திலும் நிறுத்தமாட்டார், அந்தர காந்தாரத்திலும் நிறுத்தமாட்டார். இரண்டுக்கும் நடுவே அசைத்து வைப்பார். பியானோவின் கட்டைக்கு அந்த இடம் கிடையாது. கிட்டார் கம்பியை இழுத்தால், குழாயை வழுக்கினால் கிடைக்கும். இதற்கு ‘நீல சுரம்’ என்று பெயர் வைத்து மேற்கத்திய இசைப் புத்தகங்கள் வியந்துகொண்டிருக்கின்றன. கமகம் தெரிந்த ஊரில் அந்த வியப்பு இல்லை. உடனே உறவு தெரிகிறது.

12 உருப்படிகளில் ஜாகர்–ரிச்சர்ட்ஸ் இருவர் பேரில் வந்தது ஒன்றே ஒன்று: ‘டெல் மீ’. இரண்டில் ‘நான்கர் ஃபெல்ஜ்’ என்ற புனைபெயர் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து உருவாக்கியவற்றுக்குக் குழு வைத்துக்கொண்ட பெயர். மற்ற ஒன்பதும் பிறர் பாட்டு. இதனால் பல விமர்சகர்கள் இந்தத் தட்டை ‘வெறும் கவர்’ என்று ஒரு படி இறக்கி வைக்கிறார்கள். பிறர் இயற்றியதைப் பாடுவது ஏன் குறைவு? மியூசிக் அகாடமியிலும் கிருஷ்ண கான சபையிலும் வாணி மகாலிலும் மார்கழி முழுக்க நடப்பது வேறென்ன? தியாகராஜர் கீர்த்தனையைப் பாடிய அரியக்குடியை யாரும் ‘கவர்’ பாடினார் என்று சொன்னதில்லை. அவர் எப்படிப் பாடினார் என்பதுதான் கேள்வி. ‘சொந்தமாக எழுதினால்தான் கலைஞன்’ என்ற எண்ணம் பீட்டில்ஸ் வளர்ந்த பிறகு ராக் உலகில் வேரூன்றியது. ஓல்டம் அந்த இருவரையும் பாட்டு எழுதச் சொல்லி நெருக்கியதற்கு ராயல்டிப் பணமும் ஒரு காரணம்.

ஆனால் ஒரு விஷயத்தில் நம் முறை வேறு. தியாகராஜர் தம் பெயரைச் சரணத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். தீட்சிதர் ‘குருகுஹ’ என்று வைத்தார். மாட வீதிகளில் மார்கழி விடியலில் பஜனை செய்துகொண்டு போன பாபநாசம் சிவன் ‘ராமதாசன்’ என்று வைத்தார். பாடுகிறவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் இயற்றியவர் பெயர் அவர் நாக்கால் உச்சரிக்கப்பட்டே தீரும். ப்ளூஸில் அந்தக் காப்பு இல்லை. தட்டின் நடுக் காகிதத்தில் பாட்டின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பெயர், அவ்வளவுதான். அந்தப் பெயர் விட்டுப்போனால் ஆள் மறைந்தார். போ டிட்லி மட்டும் விதிவிலக்கு. தாம் போட்டுக்கொண்ட பெயரைப் பாட்டுக்குப் பாட்டு உள்ளேயே வைத்துப் பாடினார். முத்திரை என்ற சொல் அவருக்குத் தெரிந்திருக்காது. தேவை தெரிந்திருந்தது.

ஸ்டோன்ஸின் இந்த முதல் தட்டில் பெயர்கள் ஒழுங்காக அச்சிடப்பட்டன. அதை மதிக்கிறேன். ஆனால் பெயர் அச்சானதால் பணம் போய்ச் சேர்ந்தது என்று ஆகிவிடாது. செஸ் நிறுவனத்தோடு சேர்ந்த ஆர்க் மியூசிக் என்ற பதிப்பகம் பாடல் உரிமைகளை வைத்திருந்தது. வில்லி டிக்சனும் மடி வாட்டர்ஸும் தங்களுக்கு வரவேண்டியதற்காக 1970களில் அதன்மேல் வழக்குப் போட வேண்டியிருந்தது. இன்னொரு பிரிட்டிஷ் குழுவான லெட் செப்பலின் தன் புகழ்பெற்ற பாட்டு ஒன்றில் டிக்சனின் வரிகளை எடுத்துக்கொண்டு அவர் பெயரைப் போடவில்லை. 1985இல் டிக்சன் வழக்குத் தொடுத்தார், 1987இல் சமரசமானது. ஸ்டோன்ஸும் சுத்தம் என்று சொல்ல முடியாது. 1969ஆம் ஆண்டுத் தட்டில் ராபர்ட் ஜான்சனின் பாட்டு, இயற்றியவர் என்று வேறொரு பெயரைப் போட்டு வந்தது. காதால் கற்பதில் தவறே இல்லை. கற்ற இடத்தைச் சொல்லாமல் விடுவது எனக்கு இன்றும் மனம் ஒப்பாத செயல். அது வறியவர் சோற்றில் கைவைப்பது.

1964 ஜூனில் குழு சிகாகோவுக்குப் போய் 2120 தெற்கு மிச்சிகன் அவென்யூவில் செஸ் கூடத்திலேயே இரண்டு நாள் பதிவுசெய்தது. மடி வாட்டர்ஸையும் டிக்சனையும் சக் பெர்ரியையும் நேரில் பார்த்தார்கள். அன்று மடி வாட்டர்ஸ் ஏணியில் ஏறிக் கூரைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார் என்று கீத் பல தடவை சொல்லியிருக்கிறார். உரிமையாளரின் மகன் மார்ஷல் செஸ் அதை மறுத்தார். மறுப்பைத்தான் நான் நம்புகிறேன். ஆனாலும், தன் தெய்வத்தைக் கூலிவேலை செய்யும் கோலத்தில் ஒரு ரசிகன் ஏன் நினைவில் வைத்துக்கொள்கிறான் என்று யோசிக்கிறேன். அந்த ஆசானின் பாட்டுக்கு உரிய விலை கிடைக்கவில்லை என்ற உறுத்தல் அந்தக் கதைக்குள் இருக்கலாம்.

அந்த ஆண்டு டிசம்பரில் டிக்சன் எழுதி ஹவ்லின் வுல்ஃப் பாடியிருந்த ஒரு சுத்தமான ப்ளூஸ் பாட்டை ஸ்டோன்ஸ் இங்கிலாந்து வரிசையில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ‘ஷிண்டிக்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி அவர்களை அழைத்தது. ஹவ்லின் வுல்ஃபும் அதே நிகழ்ச்சியில் பாட வேண்டும் என்று கேட்டார்கள். 1965 மே 26 அன்று அது ஒளிபரப்பானது. அறிமுகம் நீண்டுகொண்டே போக, பேச்சை நிறுத்தி அவரைப் பாடவிடுங்கள் என்கிறார் பிரையன் ஜோன்ஸ். ஆறடிக்கு மேல் உயரம் கொண்ட மனிதர் மேடைக்கு வருகிறார். வயது 54. இளைஞர்கள் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். அமெரிக்காவின் சொந்தப் பாடகரை அமெரிக்க வீடுகளின் கூடத்துக்குள் அழைத்துவர ஆங்கிலேயப் பையன்கள் வேண்டியிருந்தது.

ஹவ்லின் வுல்ஃப் பிறந்தது 1910இல். ஜி.என்.பி. பிறந்ததும் 1910இல். அந்த ஒளிபரப்புக்கு 25 நாள் முன்பு, மே 1 அன்று, சென்னையில் ஜி.என்.பி. காலமாகியிருந்தார்.

ஜிஞ்சர் பேக்கரை நினைவில் வைக்கச் சொன்னேன். அவர் அலெக்சிஸ் கார்னர் குழுவிலிருந்து கிரஹாம் பாண்ட் என்ற ஆர்கன் வித்வானோடு பிரிந்து வந்தார். 1963இல் பாண்டின் நால்வர் குழுவில் பேக்கர் டிரம்ஸ், ஜாக் புரூஸ் பாஸ், கிட்டாருக்கு யார்க்ஷயரிலிருந்து வந்த 21 வயது ஜான் மெக்லாக்லின். அவருடைய கதையும் இசைத்தட்டில் தொடங்குவதுதான். அம்மா வயலின் வாசிப்பவர். மூத்த சகோதரர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த தட்டுகளில் மடி வாட்டர்ஸையும் பிக் பில் புரூன்சியையும் 11 வயதில் கேட்டவர். ஸ்டோன்ஸைப் போலவே கேள்வி ஞானப் பிள்ளை.

பாண்டுக்கு மறைஞானத்தில் பெரும் நாட்டம். அந்தப் பழக்கத்தில் மெக்லாக்லினும் அந்தப் பக்கம் திரும்பினார். லண்டன் தியசாபிகல் சொசைட்டியில் உறுப்பினரானார். அவரை ஈர்த்தது அங்கிருந்த நூலகம். 1882 முதல் அந்தச் சபையின் தலைமையகம் எங்கே இருக்கிறது என்று அடையாறு பாலத்தைத் தாண்டுகிற எவருக்கும் தெரியும். ஆற்றங்கரையில் அந்தப் பெரிய ஆலமரம் விழுதூன்றி நிற்கிற தோப்புக்குள்தான். இரவில் புகை மண்டிய மன்றங்களில் ரிதம் அண்ட் ப்ளூஸ் வாசித்த இளைஞர், பகலில் அந்தச் சபையின் லண்டன் கிளையில் இந்தியத் தத்துவ நூல்களைப் புரட்டினார். ரமண மகரிஷியைப் படித்தார். பிறகு இந்திய இசையைக் கேட்கத் தொடங்கினார். திருவண்ணாமலையும் அடையாறும் டென்மார்க் தெருவிலிருந்து அவ்வளவு தூரத்தில் இல்லை.

1969இல் நியூயார்க் போனார். மைல்ஸ் டேவிஸின் பதிவுகளில் வாசித்தார். 1971இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா; உலகப் புகழ். கிட்டாரில் அவரைவிட வேகமாக விரல் ஓடுபவர் இல்லை என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம். அப்போதுதான் தன் காதுக்கு எட்டாத ஏதோ இந்திய இசையில் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு ப்ளூஸ் படித்தது போல ராகத்தைப் படிக்க முடியவில்லை.

கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்ற சிற்றூர். அங்கே வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் தென்னார்க்காடு வளவனூரில் பிறந்த ஒரு வித்வான் கற்பித்துக்கொண்டிருந்தார். எஸ்.ராமநாதன். சிலப்பதிகாரத்து இசையைத் துருவி ஆராய்ந்து நூல் எழுதியவர். வாய்ப்பாட்டு, வீணை இரண்டிலும் தேர்ந்தவர். பின்னாளில் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி. யாழையும் பண்ணையும் ஆராய்ந்த அந்தத் தமிழரிடம், பட்டிதொட்டியெல்லாம் பெயர் தெரிந்த ராக் கிட்டார்காரர் வீணை கற்றுக்கொள்ளப் போய் உட்கார்ந்தார்.

வீணையின் மெட்டுகளுக்கு நடுவே கம்பியை இழுக்க இடம் இருக்கிறது. கிட்டாரில் அவ்வளவு இடம் இல்லை. அந்தக் குறையோடு அவரால் திரும்பிப்போக முடியவில்லை. கிட்டாரின் மெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குடைந்து பள்ளமாக்கி, அடியில் சுருதி போல் முழங்கும் ஏழு கம்பிகளைக் குறுக்கே கட்டி, ஒரு புதுக் கருவியை ஆப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் அவருக்குச் செய்து கொடுத்தார். இனி காந்தாரத்தை இன்னும் தாராளமாக அசைக்கலாம். ப்ளூஸ்காரர் இழுத்த அதே காந்தாரம்தான்.

1975 ஜூலை 5 அன்று நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டில் சவுதாம்ப்டன் கல்லூரி மேடையில் அவர் சப்பணமிட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து சென்னைக்கு வந்த எல்.சங்கரின் வயலின். ராம்நாட் ராகவனின் மிருதங்கம். ஜாகிர் உசேனின் தபலா. இன்னொருவர் மடியில் கடம். மெக்லாக்லின் பிறந்த அதே 1942இல் பிறந்த டி.எச்.விநாயக்ராம்.

அடுத்த பகுதி அந்தக் கடத்தோடு தொடங்கும்.